கதைப் பாடத்தைப் பலகையில் தொடங்குவதா, வாயில் தொடங்குவதா?

அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கதைக்கென்றே ஒதுக்கித் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பத்து வாரம். நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் மொத்தம் 400 நிமிடம். கதைமாந்தர், களம், சிக்கல், உச்சம், முடிவு, யார் வாயால் கதை வருகிறது என்பது வரை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த 400 நிமிடத்துக்குள் பதிய வைக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான் இதை ஒருமுறை செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன். ஆகவே இந்தமுறை கைக்கு எட்டும் வழிகளை அருகருகே வைத்து யோசித்தேன். இதே முடிவை எடுக்க வேண்டிய ஆசிரியர்களுக்கும், ஊர் நூலகங்களில் விடுமுறை வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வழிகளுக்குப் போகுமுன் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. 'உங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கதையாக எழுதுங்கள்' என்று வகுப்பில் கேட்டிருந்தேன். அவன் எழுதியது இது:

"என் தந்தை ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறார். ஒருநாள் மழை பெய்தது. பால் வீணானது. நாங்கள் வருத்தம் அடைந்தோம். நீதி: இயற்கையை யாராலும் வெல்ல முடியாது."

கதையின் பகுதிகளைக் காட்டப் பலகையில் நான் வரைந்திருந்த படத்தின் எல்லாக் கட்டங்களும் இதில் நிரம்பிவிட்டன. மதிப்பெண் குறைக்க வழியே இல்லை.

அன்று மதியம் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு அவனே பக்கத்துப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "வெட்டி முடிச்சாச்சு, பாத்துக்க. அப்பா கட்டஞ்சாயா குடிக்க உக்காந்தாரு. ஒரு துளி கைல விழுந்திச்சு. அம்மை ஒண்ணும் பேசல்ல, வாளிய எடுத்துட்டு ஒரே ஓட்டம். நான் மேல்தட்டுல இருந்து எறங்குகேன், செரட்டையில எல்லாம் வெள்ளம் ஏறிட்டு, பாலு வெளிய வழியுது. அம்மை கடைசி மரத்துல நிக்கா. அந்த ஒரு செரட்டைய மட்டும் கையால மூடிட்டு நிக்கா."

தோட்டத்தின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் இதில் இருக்கின்றன. கையில் விழுந்த ஒரு துளி என்ன செய்யப்போகிறது என்பது நமக்கு உடனே தெரிகிறது. பேசாமல் ஓடுவதிலேயே அந்த அம்மாவின் குணம் வந்துவிடுகிறது. சிரட்டையை மூடிய கை கதையின் உச்சம். 'வருத்தம்' என்ற சொல் எங்கும் இல்லை. கதையின் கூறுகள் அத்தனையும் அவனிடம் ஏற்கெனவே இருந்தன. தாளில் எழுதச் சொன்னதும் அவற்றையெல்லாம் வெளியே வைத்துவிட்டு வந்தான். வெளியே வைக்கச் சொன்னது நான் போட்ட படம். கூறுகளை எது நன்றாக விளக்குகிறது என்று மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தால் போதாது, அந்தப் பையன் வரிசையில் நின்று சொன்ன கதை எந்த வழியில் தாள் வரைக்கும் சேதமில்லாமல் வந்து சேரும் என்றும் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன்.

மலைப்படம்

பெரும்பாலான பயிற்சிகளில் நமக்குக் காட்டப்படுவது இந்தப் படம்தான். இடப்பக்கம் அறிமுகம், ஏற்றத்தில் சிக்கல், உச்சியில் உச்சம், இறக்கத்தில் விளைவு, வலப்பக்கம் முடிவு. ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை ஆராய்ந்து வகுத்த வடிவம் இது. எழுதி முடித்த பெரிய நாடகங்களைப் பிரித்துப் பார்ப்பதற்காக வந்தது. இன்னும் ஒரு வரிகூட எழுதாத பதினொரு வயதுப் பிள்ளையின் முன்னால் அதையே அச்சாக வைக்கிறோம்.

இதன் பலங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாக்பீஸ் போதும், ஒரே பாடவேளையில் விளக்கிவிடலாம். தேர்வில் குறிப்புகளைக் கொடுத்துக் கதையாக விரிக்கச் சொல்லும்போது கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதிய கதை எங்கே தொய்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 'உன் கதையில் மலை எங்கே ஏறுகிறது, விரலால் காட்டு' என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். ஆகவே இதைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வைத்தால் நடப்பது கட்டம் நிரப்பும் வேலைதான்.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே எச்சரிக்க வேண்டும். சிக்கலை 'மோதல்' என்றோ 'முரண்' என்றோ சொல்லிக்கொடுத்தால் முப்பது கதைகளில் இருபதில் திருடனோ பேயோ வந்து அடிதடி நடக்கும். நான் இப்போது 'இடைஞ்சல்' என்கிறேன். ஒருவருக்கு ஒன்று வேண்டும், அதற்கு ஓர் இடைஞ்சல் வருகிறது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் புழங்கும் சொல் என்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். மழை இடைஞ்சல். கடைசிப் பஸ் போய்விட்டது இடைஞ்சல். தங்கச்சிக்குக் காய்ச்சல் இடைஞ்சல். வில்லன் தேவையே இல்லை.

'அதனால்' ஏணி

இரண்டாவது வழி, வாக்கியத் தொடக்கங்களை மட்டும் கொடுப்பது. "ஒரு ஊரில்... தினமும்... ஒருநாள்... அதனால்... அதனால்... கடைசியில்... அன்றிலிருந்து..." அமெரிக்க நாடகக்காரர் கென் ஆடம்ஸ் வகுத்த அமைப்பு இது. அசைவூட்டப் படக்காரர்கள் வழியாக உலகமெங்கும் பரவியது. நமக்கும் அந்நியமாகத் தோன்றாது, ஏனென்றால் 'ஒரு ஊர்ல' என்று தொடங்காத பாட்டி நம்மில் யாருக்கும் கிடையாது.

இதில் உயிராக இருக்கும் சொல் 'அதனால்'. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கதையை எடுத்துப் பாருங்கள், 'அப்புறம், அப்புறம், அப்புறம்' என்று போகும். காலையில் எழுந்தோம், அப்புறம் முட்டத்துக்குப் போனோம், அப்புறம் கலங்கரை விளக்கம் பார்த்தோம், அப்புறம் சோறு தின்றோம். நடந்த வரிசை அதில் இருக்கிறது, கதை இல்லை. ஒவ்வொரு 'அப்புறம்' மீதும் விரலை வைத்து, 'இங்கே அதனால் போட முடியுமா? இல்லையென்றால் ஆனால் போட முடியுமா?' என்று கேட்க வேண்டும். "முட்டத்துக்குப் போனோம், ஆனால் தம்பி பாறை இடுக்கில் செருப்பை விட்டுவிட்டான், அதனால் எல்லாரும் கலங்கரை விளக்கத்துக்குப் போக, நான் அவனோடு கீழேயே நின்றேன்." இரண்டு சொல் மாறியதும் மாந்தர் வந்துவிட்டார், இடைஞ்சலும் வந்துவிட்டது. காரண காரியத்தைக் கற்பிக்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை.

இதன் குறை, எல்லாக் கதையும் ஒரே அளவுக்குத் தைத்த சட்டை போலாகிவிடும். நான்கு வாரத்துக்கு மேல் இதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

வில்லும் குடமும்

மூன்றாவது வழிதான் என் மனம் சாய்ந்த வழி, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் கொடைவிழா நடக்கும் கோயில் பக்கம் வளர்ந்த யாருக்கும் வில்லுப்பாட்டைத் தெரியாமல் இருக்காது. மணிகள் கட்டிய நீண்ட வில்லை வீசுகோலால் தட்டித் தலைமைப் பாடகர் பாடுவார், அவரைப் புலவர் என்போம். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று சுற்றிலும் ஆட்கள். ஆனால் வகுப்பறைக்கு நமக்குத் தேவையான பாடம் அதன் அமைப்பில் இருக்கிறது. முதலில் காப்பு, அதாவது கடவுள் வணக்கம். பிறகு வருபொருள் உரைத்தல், அதாவது இன்று என்ன கதை என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவது. குருவை வணங்கும் குருவடி, கூட்டத்தின் முன் பணிவு சொல்லும் அவையடக்கம். அதன்பின் நாட்டுவளம். அந்தக் கதை நடக்கும் மண்ணைப் பாடி முடிக்காமல் புலவர் கதைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். பிறகு கதை, கடைசியில் வாழ்த்து. 'களம்' என்று நாம் சூத்திரமாகச் சொல்வது இங்கே நாட்டுவளமாக நிற்கிறது. 'கரு' என்பது வருபொருளாக நிற்கிறது. பிள்ளைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது பெயர் மட்டும்தான்.

இதைவிட முக்கியமானவர் பக்கப்பாட்டுக்காரர். புலவர் ஒரு வரி சொன்னதும் 'ஆமா' என்பார், 'அப்படியா!' என்பார், 'அவ ஏன் அங்க போனா?' என்று கேட்பார். கூட்டத்தில் இருப்பவர் மனதில் எழும் கேள்வியை அவர் வாய் கேட்டுவிடுகிறது. இந்த ஆளைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

கணக்கு இப்படி வருகிறது. 36 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் முன்னால் வந்து மூன்று நிமிடம் கதை சொன்னால் 108 நிமிடம், கிட்டத்தட்ட மூன்று பாடவேளை. ஒருவர் சொல்ல 35 பேர் கொட்டாவி விடுவார்கள். அதையே 18 ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் புலவர், இன்னொருவர் பக்கப்பாட்டு என்று மூன்று நிமிடம், பிறகு இடம் மாறி மூன்று நிமிடம் என்றால், ஆறு நிமிடத்தில் 36 கதையும் சொல்லப்பட்டுவிடும். பக்கப்பாட்டுக்காரர் சும்மா தலையாட்டக் கூடாது. நான்கு கேள்வி அவர் கையில் இருக்கும்: யாரு? எங்க? என்ன வேணும் அவியளுக்கு? எது இடைஞ்சல்? சொல்பவர் எதையாவது விட்டுவிட்டால் இவர் கேட்டே ஆக வேண்டும். மாந்தர், களம், விருப்பம், சிக்கல் நான்கும் பெயர் சொல்லப்படாமலே பிள்ளைகளின் வாயில் பழகிவிடுகின்றன. நான்காவது வாரம் பலகையில் அந்தப் பெயர்களை எழுதும்போது, 'அட, இதுதானா' என்ற முகத்தைப் பார்க்கலாம்.

பேச்சுமொழி பற்றிய கேள்வியும் இங்கே தீர்கிறது. 'வந்தார்கள்' என்பதை விளவங்கோட்டுப் பிள்ளை 'வந்தினும்' என்று சொல்லும், நாஞ்சில் நாட்டுப் பிள்ளை 'வந்தாவ' என்று சொல்லும், களியக்காவிளை எல்லையில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளையும் உண்டு. வாயால் சொல்லும்போது எதையும் திருத்தக் கூடாது. எழுதும்போது, மாந்தர் பேசுவது ஊர்ப்பேச்சில் இருக்கட்டும், கதை சொல்பவரின் குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்று ஒரு விதி போதும். இதனால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று சக ஆசிரியர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். இரண்டு மொழியையும் அதனதன் இடத்தில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம் என்பதே என் அனுபவம்.

தயங்க வேண்டிய இடங்களும் உண்டு. கொடையில் பாடப்படும் கதைகளில் பல, கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள். சாதியும் ரத்தமும் கலந்தவை. பதினொரு வயதுக்கு அவற்றை அப்படியே தர முடியாது. வடிவத்தை எடுத்துக்கொள்வோம், கதை பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். கோயில் கலை என்பதால் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இஸ்லாமியக் குடும்பங்களிலும் தயக்கம் வரலாம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியடிகளின் வாழ்க்கையையே வில்லில் பாடியதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லலாம். காப்புக்குப் பதில் வகுப்புக்கே ஒரு வணக்கப் பாட்டைப் பிள்ளைகள் கட்டிக்கொள்ளலாம். புலவர் இடத்தில் பையன்கள் மட்டுமே உட்கார்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தென் மாவட்டங்களில் பெண்கள் புலவராக இருந்து நடத்தும் குழுக்கள் உண்டு, அதைச் சொன்னாலே போதும்.

உண்மையான வில் வேண்டியதில்லை. ஒரு குடமும், அடிக்கக் காய்ந்த கமுகுப்பாளைத் துண்டும், நான்கு சலங்கையும் கிடைத்தால் தாளம் பிறந்துவிடும். சத்தம்தான் பிரச்சினை. பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கும்போது குடம் அடிக்க முடியாது, புளியமரத்தடிக்குத்தான் போக வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டத்தில் மரத்தடியை நம்பிப் பத்து வாரத் திட்டம் போடுவது சரியாக வராது.

படமும் பாட்டாவும்

மழை நாளுக்குப் படக்கதையை வைத்திருக்கிறேன். ஜப்பானில் 1930களில் மிட்டாய் விற்பவர்கள் சைக்கிளில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு வந்து, படங்களை ஒவ்வொன்றாக உருவித் தெருப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள், கமிஷிபாய் என்று பெயர். ஆறு அட்டை, ஆறு படம், படத்தின் பின்பக்கம் சொல்ல வேண்டிய வரி. தகரக் கூரையில் மழை கொட்டும்போது குரல் கேட்காது, படம் தெரியும். எழுதத் திணறும் பிள்ளைக்கு இது பெரிய கதவு. உச்சம் எது என்பதையும் நன்றாகக் கற்பிக்கலாம்: 'ஆறு அட்டையில் ஐந்தை எடுத்துவிட்டால் எதை வைத்துக்கொள்வாய்?' ஆனால் வண்ணம் தீட்டத் தொடங்கினால் இரண்டு பாடவேளை கரைந்துவிடும். பென்சில் கோட்டோடு நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் பாட்டா என்று நாங்கள் அழைக்கும் தாத்தாவிடமோ ஆச்சியிடமோ கதை கேட்டு வரச்சொல்வது எல்லாரும் பரிந்துரைக்கும் வழி. எனக்கும் ஆசைதான். தோவாளையில் பூ கட்டுகிறவர், குளச்சலில் வலை பின்னுகிறவர், கீரிப்பாறையில் யானையைக் கண்டு திரும்பியவர் என்று இந்தச் சின்ன மாவட்டத்தில் கதைக்கா பஞ்சம்? ஆனால் விடுதியில் இருக்கும் பிள்ளைக்கும், வேலைக்கு வெளியூர் போய்விட்ட பெற்றோரின் பிள்ளைக்கும் கேட்க ஆளில்லை. திங்கட்கிழமை அவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். 'பள்ளிக்கு வரும் வழியில் பார்க்கும் யாரிடமாவது' என்று மாற்றினால் சரியாகிவிடும். பஸ் கண்டக்டரிடம் கேட்டு வந்த கதைகூட எனக்குக் கிடைத்தது. இன்னொரு கவனமும் வேண்டும். 2004 சுனாமி, 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் என்று கடற்கரை வீடுகளில் திரும்பி வராதவர்களின் கதைகள் இருக்கின்றன. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்கலாம். 'இதை எழுத வேண்டாம் டீச்சர்' என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் போடக் கூடாது.

ஸ்மார்ட் வகுப்பில் கதைசொல்லும் காணொளி போட்டுக் காட்டுவதும் ஒரு வழி. பார்க்க நன்றாக இருக்கும், நாற்பது நிமிடமும் அமைதியாகக் கழியும். அந்த அமைதியாலேயே எனக்கு அது வேண்டாம்.

களத்துக்கு மட்டும் ஒரு தனி வழி

மற்ற கூறுகளுக்கு வெளியிலிருந்து கருவி வாங்கினாலும், களத்துக்கு நம்மிடமே சிறந்த கருவி இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் உணவு, மரம், பறவை, விலங்கு, தொழில், பறை எல்லாம் கரு. அங்கே மனிதர் படும் உணர்வு உரி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு இதை மனப்பாடப் பகுதியாக மட்டும் நடத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேச்சிப்பாறை, நாஞ்சில் நாட்டு வயல், கடியபட்டணம் என்று மூன்று இடம் சொல்லி, அதே இடைஞ்சலை மூன்றிலும் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 'விடியற்காலை, ஒரு சாவி தொலைந்துவிட்டது.' மலையில் அது காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்குப் போகும் ஜீப் சாவி, வயலில் மோட்டார் அறைச் சாவி, கடற்கரையில் படகு இன்ஜின் சாவி. யாருக்கு அவசரம், யார் திட்டுவார், எங்கே தேடுவார்கள் எல்லாமே மாறிவிடும். களம் என்பது கதைக்குப் பின்னால் தொங்கும் படுதா என்று நினைத்திருந்த பிள்ளை, அது கதையையே திருப்புகிறது என்று ஒரு பாடவேளையில் கண்டுகொள்ளும்.

என் முடிவு

முதல் மூன்று வாரம் எழுத்தே கிடையாது. ஜோடிகளாகப் புலவரும் பக்கப்பாட்டும் மட்டும். மழை பெய்தால் அட்டைகள். நான்காவது வாரம் கூறுகளுக்குப் பெயர் சூட்டல், ஐந்தாவது வாரம் சாவிக் கதை. ஆறு, ஏழில் 'அதனால்' ஏணியைப் பிடித்து முதல் எழுத்து. எட்டாவது வாரம் மலைப்படம், எழுதிய கதையைப் பழுதுபார்க்க மட்டும். எட்டாம் வகுப்புக்கு இதோடு ஒரு வேலை கூடுதல்: அதே கதையை வேறொருவர் வாயால் சொல்வது. ஒன்பதில் திருத்தி எழுதுதல், பத்தில் குடத்தோடு மரத்தடி.

ஒரு வாரம்தான் கிடைக்கும் என்கிறவர்கள் 'அதனால்' ஏணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் உள்ள வகுப்பு என்றாலும் ஜோடி முறையைக் கைவிடாதீர்கள், நேரம் அதே ஆறு நிமிடம்தான். பாட வராத ஆசிரியர் தயங்க வேண்டாம், எனக்கும் வராது. தாளத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகப்போகும், தேர்வுப் பயம் பிடித்த வகுப்பு என்றால் மட்டும் மலைப்படத்தை இரண்டு வாரம் முன்னால் கொண்டுவரலாம்.

அந்த ரப்பர் தோட்டத்துப் பையனை மறுநாள் சத்துணவு வரிசையில் நின்ற அதே நண்பனோடு உட்கார வைத்தேன். நண்பன் பக்கப்பாட்டு. கதை சிரட்டையை மூடிய கை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் அவன் என்னைப் பார்த்தான். நண்பன் விடவில்லை.

"கையால மூடுனா எவ்வளவு மிஞ்சும் லேய்?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தாளை இழுத்து, கதையின் கடைசி வரியாக எழுதினான்: "மழை விட்ட பிறகு அம்மை கையை எடுத்தாள். அரைச் சிரட்டை இருந்தது." நீதி எழுதவில்லை.